பனி வீசும் இயந்திரத்தின் வயரிங் பழுது: சோதனை விளக்கா, மல்டிமீட்டரா?

டிராக்டரில் பூட்டிய பனி வீசும் இயந்திரத்தில், வெளியேற்றும் குழாயைத் திருப்பும் மோட்டார் நின்றுவிட்டால், எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பிவிட்டு, முதலில் 12 வோல்ட் சோதனை விளக்கை (மின்சாரம் வந்தால் எரியும் சிறு இழை விளக்கு) எடுப்பதே என் பரிந்துரை. பச்சை பூத்து மோசமாக அரித்துப்போன இணைப்பிலும், வோல்ட் முதலியவற்றை அளக்கும் கருவியான மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டக்கூடும். அந்தக் கருவி இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு குறைவு. இழை விளக்கோ தானே ஒரு சுமையாக இருப்பதால், அங்கே மங்கிப்போய்க் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் விளக்கு பளிச்சென்று எரிந்தும் மோட்டார் திணறினால், மல்டிமீட்டர்தான் துணை: சுவிட்சை அழுத்திப் பிடித்தபடி, பேட்டரியின் எதிர்மின் (−) முனைக்கும் மோட்டாரின் எர்த் முனைக்கும் இடையே அளக்கும்போது அரை வோல்ட்டைத் தாண்டினால், எர்த் இணைப்பைக் கழற்றித் துருவைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் கம்பிகளில் விளக்கை வைக்கவே கூடாது.