பழுது நீக்கியதாகச் சொன்ன மின்சார குக்கருக்குள் ஃபியூஸே இல்லை

மின்சார குக்கரைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்களும், ஏற்கெனவே கொடுத்து வாங்கி வந்து நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் குக்கரைப் பழுதுபார்த்த கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் செய்த வேலை அந்த ஒரு கடையோடு நிற்பதன்று என்பதைப் பின்னால் வேறொரு மெக்கானிக் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எங்களுடையது மிக எளிய வகைக் குக்கர். 700 வாட், கீழே அழுத்தும் ஒரு லீவர், இரண்டு விளக்குகள், அவ்வளவுதான். பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் உழைத்தது. ஒருநாள் காலையில் லீவரை அழுத்தியபோது விளக்கு எரியவில்லை, பாத்திரம் சூடாகவும் இல்லை. வேறு பிளக் பாயின்டில் செருகிப் பார்த்தும் பயனில்லாததால், பழுதுபார்க்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்தவர் திறந்துகூடப் பார்க்காமல், “பிளேட் போயிடுச்சும்மா, மாத்தித்தான் ஆகணும்” என்றார். பிளேட் என்று அவர் சொன்னது பாத்திரத்துக்கு அடியில் இருக்கும் சூடேற்றும் தட்டை. இரண்டு நாள் கழித்து வாங்கச் சென்றபோது, கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டேன். அதைக் கழிவோடு போட்டுவிட்டதாகச் சொன்னார். ரசீதில் பிளேட் என்ற சொல்லே இல்லை, ‘சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எதிரிலேயே செருகி லீவரை அழுத்திக் காட்டினார், விளக்கு எரிந்தது, நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சூடேற்றும் தட்டின் ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு கீறல் இருக்கும். காய்ந்து ஒட்டிய பருக்கை ஒன்றைக் கரண்டியின் முனையால் சுரண்டியபோது நானே போட்ட கீறல் அது. புதிதாக மாற்றியதாகச் சொன்ன தட்டிலும் அதே இடத்தில் அதே கீறல் இருந்தது. அப்போதே திரும்பிப் போய்க் கேட்டிருக்க வேண்டும். வேலை செய்கிறதே, இதற்காக எதற்கு ஒரு சண்டை என்று விட்டுவிட்டேன். இந்தக் கதையில் எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

அதன்பிறகு வந்த நாள்களில், குக்கர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் உலோக உடலில் விரல் பட்டால் எறும்பு ஊர்வதுபோல் லேசாகச் சுருக்கென்றது. ஈரக் கையோடு தொட்டால் இன்னும் சற்று அதிகமாகத் தெரிந்தது. முன்பு ஒருபோதும் இப்படி இருந்ததில்லை. செருப்பு போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் தெரியாததால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அரிசியும் தண்ணீரும் வைத்து லீவரை அழுத்திவிட்டு அடுத்த அறையில் இருந்தேன். வழக்கமாக ‘டக்’ என்று லீவர் மேலே எழும் ஓசை கேட்கும். அன்று கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. முதலில் அடிப்பிடித்த சோற்றின் மணம் வந்தது. அதைத் தொடர்ந்து அடுக்களைக்குச் சற்றும் சம்பந்தமில்லாத, பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மூடியின் துளையிலிருந்து மட்டுமன்றி அடிப்பகுதியின் காற்றுத் துளைகளிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. குக்கரைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணைத்தேன். குக்கரின் பிளாஸ்டிக் கால்களில் ஒன்று இளகி, கீழே போட்டிருந்த பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் மின்சாரப் பெட்டியில் இருந்த எந்த பிரேக்கரும் விழவில்லை.

பிரேக்கர் ஏன் விழவில்லை என்பதுதான் அன்று எனக்கு விளங்காத கேள்வி. விளங்கிக்கொள்ளக் குக்கர் எப்படித் தானாக நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் அடிப்பகுதியின் வெப்பம் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. தண்ணீரை அரிசி முழுவதும் உறிஞ்சிய பிறகு வெப்பம் அதற்கு மேல் ஏறத் தொடங்கும். தட்டின் நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் வட்டமான பொத்தான் பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்குள் இருக்கும் காந்தம் 100 பாகையைச் சற்றே தாண்டியதும் பிடிப்பை இழக்க, லீவர் மேலே எழுந்துவிடுகிறது. இது முதல் காவல். பொத்தானைச் சுற்றி அழுக்கு படிந்து அது இறுகிவிட்டாலோ, பாத்திரம் சரியாக உட்காராமல் அது பாத்திரத்தைத் தொடாமல் போனாலோ, லீவர் எழாது, தட்டு தொடர்ந்து சூடேறும். அந்த நிலைக்காக வைக்கப்பட்டிருக்கும் இரண்டாவது காவல்தான் தெர்மல் ஃபியூஸ். தட்டை ஒட்டியபடி ஒரு சிறு உறைக்குள் கிடக்கும் அது, குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டியதும் மின் இணைப்பை ஒரேயடியாகத் துண்டித்துவிடும். இவ்வகைக் குக்கர்களில் பெரும்பாலும் 170 முதல் 190 பாகைக்குள் ஏதோ ஓர் அளவு அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கும். ஒருமுறை அறுந்தால் மறுபடி சேராது, புதிதுதான் போட வேண்டும்.

வீட்டு பிரேக்கருக்கு வெப்பம் தெரியாது. அது பார்ப்பது மின்னோட்டத்தை மட்டுந்தான். 230 வோல்ட்டில் 700 வாட் குக்கர் எடுப்பது சுமார் 3 ஆம்பியர். ஒழுங்காகச் சோறு வேகும்போதும் அதே 3 ஆம்பியர்தான், அடிப்பகுதி உருகி ஒழுகும்போதும் அதே 3 ஆம்பியர்தான். ஆகவே லீவர் எழாமல் போன குக்கருக்கும் தீவிபத்துக்கும் நடுவே நிற்பது அந்தச் சிறு ஃபியூஸ் ஒன்றே.

குக்கரை வேறொரு மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்றேன். வயதானவர், அதிகம் பேசாதவர். என் கண்முன்னாலேயே கவிழ்த்து வைத்து அடி மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு இணைப்புகளுக்கு நடுவே, இன்சுலேஷன் உரிக்கப்பட்ட செம்புக் கம்பி ஒன்று முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது; அதன்மேல் சுற்றியிருந்த சாதாரண டேப் கருகிப் பொடிந்து கிடந்தது. குறடின் முனையால் அதைத் தூக்கிக் காட்டி, “இங்க ஃபியூஸ் இருக்கணும்மா. எடுத்துட்டு டைரக்ட் பண்ணிட்டாங்க” என்றார். பிறகு மல்டிமீட்டரை வைத்துத் தட்டின் மின்தடையை அளந்தார். எழுபத்தைந்து ஓம் அளவில் காட்டியது. 700 வாட் தட்டுக்கு அவ்வளவுதான் இருக்க வேண்டும். தட்டு அன்றும் கெடவில்லை, என்றும் கெட்டிருக்கவில்லை. முதலில் குக்கர் நின்றுபோனதற்குக் காரணம் ஃபியூஸ் அறுந்தது மட்டுமே. ஒரு சிறு உதிரிப் பாகத்தை மாற்ற வேண்டிய இடத்தில், மாற்றாத தட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு, இருந்த பாதுகாப்பையும் பிடுங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

சுருக்கென்றதைப் பற்றியும் சொன்னேன். உடனே சுவரில் செருகும் மின்கம்பியின் மறுமுனையைப் பார்த்தார். பழைய கம்பி காய்ந்துவிட்டது என்று சொல்லி அந்தக் கடையில் புதுக் கம்பியும் போட்டிருந்தார்கள். பிளக்கில் மூன்று பின்கள் இருந்தன. ஆனால் கம்பிக்குள் இரண்டே இழைகள். எர்த் பின் பிளக்கில் பெயருக்கு நின்றுகொண்டிருந்தது, குக்கரின் உடலோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. உலோக உடலுக்குக் கசியும் மின்சாரம் இறங்கிப்போக வழியில்லாததால், தொட்ட என் உடல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கு விழும் பிரேக்கர் உண்டு. நான் உணர்ந்த கசிவு அந்த அளவை எட்டாததால் அதுவும் விழவில்லை. எர்த் சரியாக இருந்திருந்தால் நான் தொடும்வரை அந்தக் கசிவு காத்திருந்திருக்காது.

இந்த ஒன்றை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிய பிறகு, மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையைக் குக்கரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் வைத்தால் ஓர் ஓம் அளவோ அதற்கும் குறைவாகவோ காட்ட வேண்டும். இணைப்பே இல்லை என்று (பல மீட்டர்களில் ‘OL’) காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது என்று பொருள். அந்தக் குக்கரைப் பயன்படுத்தக் கூடாது. முழு உடலும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் உள்ளே இருக்கும் தட்டில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் கடைக்கு அந்தச் செம்புக் கம்பியோடு போனேன். மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், மறுக்கவில்லை. “அந்த ஃபியூஸ் அடிக்கடி போகும்மா. டைரக்ட் குடுத்துட்டா தொல்லை இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான் பண்றோம்” என்று, எனக்கு ஏதோ உதவி செய்ததுபோல் பேசினார். பிளேட்டுக்கு ஏன் பணம் வாங்கினீர்கள் என்றதும் பேச்சு மாறியது. இடையில் வேறொருவர் திறந்துவிட்டதால் இனி தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பணம் இன்றுவரை திரும்பவில்லை. ரசீதில் பாகத்தின் பெயர் இல்லாததால் என்னிடம் வாதாடவும் பெரிதாக எதுவும் இல்லை.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் அது கெட்டது என்று பொருளன்று, வேறெங்கோ உள்ள கோளாறைச் சொல்கிறது என்று பொருள். எங்கள் வீட்டில் அந்தக் கோளாறு நான்தான் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உள்பாத்திரத்தைக் கழுவி, வெளிப்பக்கத்தைத் துடைக்காமல் சொட்டச் சொட்டவே உள்ளே வைப்பது என் வழக்கம். அந்த நீர் நடுப்பொத்தானைச் சுற்றிய இடுக்கில் இறங்கும். பொங்கி வழிந்த கஞ்சியும் அதே வழியாக இறங்கும். காய்ந்ததும் இரண்டும் சேர்ந்து பசைபோல் இறுகிவிடும். மெக்கானிக் அந்தப் பொத்தானை அழுத்திக் காட்டினார். துள்ளி மேலே வர வேண்டியது, கீழேயே நின்றுவிட்டது. பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பருக்கை சிக்கினாலும் போதும், பாத்திரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சூடு பாத்திரத்துக்குப் போகாமல் தட்டிலேயே தேங்கும். கீழே விழுந்து அடி நெளிந்த பாத்திரமும், வேறு குக்கரின் பாத்திரமும் இதே வேலையைத்தான் செய்யும்.

இப்போது நான் சுத்தம் செய்யும் முறை வேறு. பிளக்கைக் கழற்றி, தட்டு முழுவதும் ஆறும்வரை விட்டுவிடுகிறேன். உடலைக் குழாயடியில் காட்டுவதே இல்லை; நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்கிறேன். தட்டில் பருக்கை ஒட்டிக் காய்ந்திருந்தால் கரண்டியால் சுரண்டுவதில்லை. மிக நுண்ணிய உப்புத்தாளை லேசாக நனைத்து அந்த இடத்தில் மட்டும் மென்மையாகத் தேய்த்துத் துடைத்துவிடுகிறேன். பொத்தானை விரலால் அழுத்தி அது தாராளமாக மேலே வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். இதற்கு ஒரு நொடிகூட ஆகாது. பாத்திரத்தின் அடியைத் துடைத்து உள்ளே வைத்ததும், இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமுமாகச் சற்றுத் திருப்பி உட்கார வைக்கிறேன். மூடியில் ஆவி போகும் துளையும், பின்னால் நீர் தேங்கும் கிண்ணமும் கழுவப்படாமலே கிடப்பவை. துளை அடைத்தால் கஞ்சி பொங்கி வழிவது நிச்சயம், வழிந்தால் அது போய்ச் சேருமிடம் மறுபடியும் அந்தப் பொத்தான்தான். தப்பித்தவறி அடிப்பகுதிக்குள் தண்ணீர் போய்விட்டால், வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் திறந்து பார்க்காமல் செருகக் கூடாது என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொன்னார்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதும் இப்போது தெரிகிறது. விளக்குகூட எரியாமல் முழுவதும் நின்றுபோன எளிய குக்கரில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை கம்பியும் ஃபியூஸும்; திறக்காமலே பிளேட் என்று சொல்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். ஃபியூஸ் போட்டால் அதே வெப்ப அளவும் அதே ஆம்பியரும் உள்ளதையே போட வேண்டும். அதைக் கம்பியோடு நசுக்கி இணைக்க வேண்டுமே ஒழிய, ஈயப்பற்று வைத்தால் அந்தச் சூட்டிலேயே அறுந்துவிடும் ஆபத்து உண்டு. மூடுவதற்கு முன் காட்டச் சொல்வதிலும், கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்வதிலும், மாற்றிய பாகத்தின் பெயரை ரசீதில் எழுதச் சொல்வதிலும் தயக்கம் வேண்டாம். முகம் சுளிக்கும் கடைக்காரர்கள் உண்டு, சுளிக்கட்டும்.

எங்கள் குக்கரைச் சரிசெய்ய அந்த மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒயர்களின் இன்சுலேஷன் கருகிவிட்டது, அடிப்பகுதி நெளிந்துவிட்டது, இனி எந்தப் பாகத்தைப் போட்டாலும் நம்ப முடியாது என்றார். பார்த்ததற்குக் கூலியும் வாங்கவில்லை. அப்படியே வெளியே வைத்தால் யாராவது எடுத்துப் போய்ச் செருகிவிடுவார்கள் என்று, கம்பியைக் குக்கரின் உடலை ஒட்டி வெட்டி என்னிடம் கொடுத்தார். எர்த் இல்லாத அந்த மூன்று பின் பிளக்கும், ஃபியூஸ் இருந்த இடத்தில் கிடந்த செம்புக் கம்பியும், ‘சர்வீஸ்’ என்று எழுதிய ரசீதும் இப்போது ஒரே உறையில் இருக்கின்றன.