பெங்களூரு குளிர் மேல் பழி போடாதீர்கள்: 150 சிசி ஏடிவியும் அதன் ஸ்டார்டிங் டிரபிளும்

பெங்களூரில் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வைத்திருக்கிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, “அதை எங்கே ஓட்டுவீங்க?” ரோட்டில் இல்லை, இதற்கு ஆர்.சி. கிடையாது. ஆனேக்கல் பக்கம் மச்சானும் நானும் சேர்ந்து பார்க்கும் தோட்டத்தில்தான் அதன் வாழ்க்கை. உர மூட்டை, தேங்காய், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் எல்லாம் அதன் முதுகில்தான். சீனாவில் செய்த வண்டி. ஜிஒய்6 வகை 150 சிசி எஞ்சின், பெல்ட் டிரைவ், ரிவர்ஸ் கியர். இந்த எஞ்சின் அமைப்பைச் சீனாவிலும் தைவானிலும் பல கம்பெனிகள் செய்கின்றன. வெளிநாடுகளில் ஏகப்பட்ட ஸ்கூட்டர்களில் இருப்பதும் இதுதான்.

சில வருஷம் உழைக்க விட்ட பிறகு எழுதுகிறேன். இழுவையில் குறை சொல்ல மாட்டேன். பிரேக் சுமார். சஸ்பென்ஷன் முதுகுக்கு நல்லதல்ல, ஆனால் மூட்டைக்குப் பரவாயில்லை. நான் பேச வந்தது ஒரே ஒரு தலைவலியைப் பற்றி: டிசம்பர், ஜனவரி காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மத்தியானம் அதே வண்டி செல்ஃபைத் தொட்டதும் எழுந்துவிடும்.

“குளிருக்கு அப்படித்தான் சார், வெயில் வரட்டும்” என்பார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தேன்கனிக்கோட்டைக்காரர். மச்சானும் அதையே சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1884 ஜனவரி 13 அன்று வந்த 7.8 டிகிரிதான். சாதாரண மார்கழிக் காலையில் 15, 16 டிகிரி இருக்கும். ஆனேக்கல் வெளியில் இன்னும் ஒன்றிரண்டு குறையலாம். பனி கொட்டும் நாடுகளில் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம், சுருக்கமாக கார்ப்) வைத்த வண்டிகள் பூஜ்யத்துக்குக் கீழேயும் ஸ்டார்ட் ஆகின்றன. 15 டிகிரிக்கே ஒரு எஞ்சின் படுத்துக்கொள்கிறது என்றால் அதில் ஏற்கெனவே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. குளிர் அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியானால்தான் எரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கார்ப் அனுப்பும் பெட்ரோலில் ஒரு பங்கு, எஞ்சினுக்குப் போகும் வழியான மேனிஃபோல்ட் குழாயின் சுவரிலேயே துளியாக ஒட்டிக்கொள்ளும். சூடான எஞ்சினுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் போதும் என்றால், குளிர்ந்த எஞ்சினுக்கு அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கூடுதலைக் கொடுப்பதுதான் சோக்கின் வேலை. ஆகவே காலையில் மட்டும் வரும் தகராறு என்றால் முதல் சந்தேகம் சோக் மேல் விழ வேண்டும். ஆனால் நம் ஊரில் முதல் சந்தேகம் எப்போதும் கார்ப் மேல்தான்.

குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. இறக்கி வைத்துச் செல்ஃபை அமுக்கியதும் வண்டி ஸ்டார்ட்! மெக்கானிக் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். “கார்ப் மொத்தமா மாத்திடுங்க, இல்லேன்னா பல்சர் கார்ப் ஒண்ணைச் செட் பண்ணித் தர்றேன்” என்றார். அவர் ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. நன்றி சொல்லி வண்டியைத் திரும்ப ஏற்றிவிட்டோம்.

அடுத்து சிவாஜிநகரில் ஒரு பழைய ஆள், வேலூர்க்காரர். அவர் வண்டியைத் தொடவே இல்லை. “அண்ணா, நைட் இங்கேயே விட்டுட்டுப் போங்க. காலைல கடை திறந்ததும் நான் கை வைக்கறேன், அதுக்கு முன்னாடி யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது” என்றார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் செய்ததை வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம். நன்றாகச் செல்ஃப் அடித்துவிட்டு பிளக்கைக் கழற்றினார். பிளக் காய்ந்து கிடந்தது. ஈரமாக இருந்தால் பெட்ரோல் போகிறது, ஸ்பார்க்கைப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே போதவில்லை. அப்புறம் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, கார்ப் வாயை உள்ளங்கையால் முக்கால்வாசி மூடிக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். காற்று குறைந்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதாவது கார்ப் பெட்ரோலைக் கொடுக்கத் தயார். கூடுதலாகக் கொடு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. (பேக்ஃபயர் ஆனால் கை சுடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.)

இந்த எஞ்சினில் சோக்குக்கு லிவர் கிடையாது, ஆட்டோ சோக். கார்ப் தலையில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு டப்பி ஒன்று உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து இரண்டு ஒயர். உள்ளே மெழுகு. எஞ்சின் ஓடும்போது கரண்ட் வந்து மெழுகு சூடாகி விரியும். பித்தளை பிளஞ்சர் மெல்ல வெளியே நீண்டு, கூடுதல் பெட்ரோல் போகும் துளையை அடைத்துவிடும். ஆறியதும் உள்ளே போய்த் துளையைத் திறக்க வேண்டும்.

உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் அலைந்து புதிது ஒன்று வாங்கி வந்தோம். இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் சில்லென்று இருந்தன. புதியதின் பிளஞ்சர் உள்ளடங்கி இருந்தது, எங்களுடையது முழுக்க நீண்டு நின்றது. பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தார். புதியது கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ஊர்ந்து, டீ குடித்து முடிப்பதற்குள் சில மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. எங்களுடையது அசையவில்லை. ஆக, எங்கள் வண்டி ஒவ்வொரு காலையும் “நான் ஏற்கெனவே சூடாகிவிட்டேன்” என்ற நினைப்பிலேயே இருந்திருக்கிறது. மத்தியானம் எழுந்துவிடும் ரகசியமும் அதுதான்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. டப்பிக்குப் போகும் ஒயர் அறுந்தால் பிளஞ்சர் நீளவே நீளாது. காலையில் ஜோராக ஸ்டார்ட் ஆகும்; சூடான பிறகு கரும்புகை, கரி பிடித்த பிளக், பெட்ரோல் குடி. அதைப் பார்த்துவிட்டு மெயின் ஜெட்டை (ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஓட்டும்போது பெட்ரோல் போகும் அளவுத் துளை) மாற்றக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சோக் மாற்றியதும் பாதிப் பிரச்சினைதான் போனது. எஞ்சின் பிடிக்கும், ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டால் அணைந்துவிடும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, பெட்ரோல் கொடுப்பது ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின் மாதிரி படிந்தால் முதலில் அடைபடுவது இதுதான். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வட்டமாகத் தெரிய வேண்டிய துளை பிறைபோல் தெரிந்தது. கார்ப் கிளீனரில் ஊற வைத்து, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை விட்டு எடுத்து, காற்றடித்தோம். குண்டூசி, கிட்டார் கம்பி எல்லாம் வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மூன்றாவதாக, கார்ப்பையும் எஞ்சினையும் இணைக்கும் மேனிஃபோல்ட் ரப்பரில் அடிப்பக்கம் ஒரு விரிசல். மடக்கிப் பார்த்தால்தான் தெரியும். அது வழியாகக் கணக்கில் வராத காற்று போய்க்கொண்டிருந்தது. ஐடிலிங்கில் ஓடவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் ஸ்பிரே அடித்தால் எஞ்சின் சத்தம் மாறும். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

டேப்பெட்டையும், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும், பார்த்துவிடச் சொன்னேன். எங்கள் மேனுவலில் 0.1 மில்லிமீட்டர். எக்ஸாஸ்ட் பக்கம் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழையவே இல்லை. இடைவெளி இல்லாவிட்டால் வால்வு சரியாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும், செல்ஃப் மோட்டாரின் மெதுவான சுழற்சியில் அது இன்னும் மோசம். டேப்பெட் சத்தமே இல்லை, எஞ்சின் நல்லா இருக்கு என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெட்ரோலையும் சொல்லியாக வேண்டும். E20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் அறிமுகமானதே நம்ம பெங்களூரில்தான், 2023 பிப்ரவரி 6 அன்று. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை சற்று மெலிந்துவிடும், அதாவது பெட்ரோல் போதாத மாதிரி ஆகும். குளிரில் ஆவியாகவும் எத்தனால் அதிக வெப்பம் கேட்கும். இன்னொரு பக்கம், ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் கலவை சற்றுக் கெட்டியாகும். இரண்டும் ஓரளவு ஈடு கட்டிக்கொள்ளும் என்பதால் ஜெட் அளவை நாங்கள் மாற்றவில்லை, ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸிங் ஸ்குரூவை மட்டும் கால் சுற்றுத் தளர்த்தினோம். எங்கள் கார்ப்பில் அது எஞ்சின் பக்கம் இருக்கிறது. அங்கே தளர்த்தினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் ஸ்குரூ இருக்கும் கார்ப்பில் தளர்த்தினால் காற்று கூடும், அதாவது பலன் தலைகீழ். எதைத் திருகுகிறோம் என்று தெரியாமல் திருக வேண்டாம்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் கார்ப்பில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியிலுள்ள ஸ்குரூவைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிடுகிறோம். இதில் ஒரு சின்ன இடைஞ்சல்: இந்த வண்டியின் பெட்ரோல் காக் (டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய் வால்வு) எஞ்சின் சுழலும்போது வரும் உறிஞ்சலில்தான் திறக்கும். காலிக் கிண்ணம் நிரம்பும்வரை செல்ஃப் அடித்தாக வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் அதுவும் முடியாது. விட்டுவிட்டு அடியுங்கள், மோட்டார் சூடேற விடாதீர்கள்.

இப்போது மார்கழிக் காலையிலும் இரண்டாவது முயற்சிக்குள் ஸ்டார்ட் ஆகிறது. ஓரிரு நிமிஷம் ஐடிலிங் ஏறி இறங்கும், அது ஆட்டோ சோக்கின் சுபாவம். அதே கார்ப்தான், மாற்றவில்லை. மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. கார்ப் பாடியிலோ ஃப்ளோட் வால்வு உட்காரும் இடத்திலோ அரிப்பு வந்திருந்தால் புதிது போடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் விரிசல் விட்ட ரப்பரிலும் இறுகிய டேப்பெட்டிலும் புது கார்ப்பை மாட்டி எந்தப் பிரயோஜனமும் இல்லை.

செகண்ட் ஹேண்டில் இந்த மாதிரி வண்டி வாங்கப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். ஓட்டிப் பார்க்கும் முன் எஞ்சின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நாளைக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க என்று சொல்லிவிட்டு வாருங்கள். விற்கிறவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.