பிளாக்ஜாக் அடிப்படை உத்தி அட்டை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளின் பரிசுப்பொருள் கடைகளில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்துக்காக உள்ளங்கை அளவில் ஓர் அட்டை விற்பார்கள். நம் கைச்சீட்டுகளின் கூட்டுத்தொகை இடப்பக்கமும், டீலர் (விடுதியின் சார்பில் சீட்டுப் போட்டு ஆடுபவர்) திறந்து வைத்திருக்கும் சீட்டு மேல்வரிசையிலும் அச்சாகியிருக்கும்; இரண்டும் சந்திக்கும் கட்டத்தின் நிறம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டும். மேசையில் அதைப் பார்த்தபடியே ஆடுவதற்கும் பொதுவாகத் தடை சொல்வதில்லை. இந்த அட்டையைக் கொண்டு பிளாக்ஜாக் கற்றுக்கொண்ட நான், சில ஆண்டுகளாக வீட்டில் பணமில்லாமலும், நெவாடா செல்லும்போது குறைந்தபட்சப் பந்தய மேசைகளிலும் ஆடி வருகிறேன். அட்டை முழுமையாக நம்பத்தக்கது. ஆனால் எந்த மேசையில் உட்காருகிறோம் என்பது அட்டையை விடவும் முக்கியமானது என்பதே என் முடிவு.

ஆட்ட விதிகளைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றுக்கும் 10. ஏஸ் 1 அல்லது 11. 21-ஐத் தாண்டாமல் டீலரை விட அதிகம் எடுப்பவருக்கு வெற்றி. டீலருக்குச் சொந்த முடிவு என்று எதுவும் இல்லை. 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் பொதுவாக நிறுத்த வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் டீலர் எப்படி லாபம் பார்க்கிறார் என்று புதியவர்கள் கேட்பது நியாயமே. முதலில் ஆடுவது நாம் என்பதுதான் காரணம். நாம் 21-ஐத் தாண்டினால் பணம் அப்போதே போய்விடும், பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது.

அட்டையில் உள்ள கட்டங்கள் எவருடைய ஊகமும் அல்ல. மேரிலாந்தின் அபர்டீன் ராணுவத் தளத்தில் பணியாற்றிய பால்ட்வின், கேன்டி, மைசெல், மெக்டெர்மாட் ஆகிய நால்வரும் மேசைக் கணக்குப்பொறிகளைக் கொண்டே இந்த உத்தியைக் கணக்கிட்டு, 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பின்னர் கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப் ஐபிஎம் 704 கணினியில் அதை மேலும் துல்லியமாக்கினார். நல்ல விதிகள் உள்ள மேசையில் இந்த உத்தியைப் பிசகாமல் பின்பற்றினால் விடுதியின் சாதகம், அதாவது பந்தயத் தொகையில் சராசரியாக விடுதிக்குப் போகும் பங்கு, சுமார் அரை விழுக்காடாகக் குறைகிறது. குறைகிறதே தவிர, நம் பக்கம் திரும்புவதில்லை என்பதை வாங்குபவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

மனப்பாடம் செய்வதற்கு அட்டையை மேலிருந்து கீழாகப் படிப்பது பயன் தராது. டீலரின் 5 அல்லது 6 திறந்திருந்தால் அவர் 21-ஐத் தாண்டும் வாய்ப்பு சுமார் 42 விழுக்காடு. 10 திறந்திருந்தால் கால்வாசிக்கும் குறைவு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் 13 முதல் 16 வரையிலான தொகைகளை டீலரின் 2 முதல் 6 வரை அப்படியே வைத்துக்கொள்வதும், 7 முதல் துணிந்து எடுப்பதும் தாமாகவே நினைவில் நிற்கும்.

கடினமான பகுதி ஏஸ் கலந்த கைகள்தான். இதற்காக நான் வீட்டில் சீட்டுக்கட்டிலிருந்து ஓர் ஏஸை எடுத்து மேசையில் நிலையாக வைத்து, அதன் அருகே 2 முதல் 9 வரையிலான சீட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டி, எதிரே டீலருக்கு ஒரு சீட்டு வைத்து, விடையை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். ஏஸும் 7-ம் சேர்ந்த 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு நல்ல கை. ஆனால் டீலரிடம் 9, 10 அல்லது ஏஸ் இருந்தால் இன்னொரு சீட்டு கேட்க வேண்டும். ஏஸை 1 ஆக மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அந்த ஒரு சீட்டால் 21-ஐத் தாண்டவே முடியாது; அப்படியிருந்தும் மேசையில் பெரும்பாலோர் கையை அசைத்து நிறுத்திவிடுவதைப் பார்க்கிறேன்.

இதற்கு மாறாக, எல்லோரும் வாதிடும் 10-க்கு எதிரான 16-இல் எடுப்பதற்கும் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சொற்பம். அதே 16 இரண்டு 8-களாக வந்தால், இன்னொரு பந்தயம் வைத்து இரு கைகளாகப் பிரித்து ஆடுவதில் கிடைக்கும் நன்மை கணிசமானது.

டீலருக்கு ஏஸ் வந்ததும் கேட்கும் ‘இன்சூரன்ஸ்’ பந்தயத்தை, அதாவது அவரது மூடிய சீட்டு 10 மதிப்புள்ளது என்று கட்டும் தனிப் பந்தயத்தை, அட்டை எப்போதும் மறுக்கச் சொல்கிறது. ஆறு சீட்டுக்கட்டுகளைக் கலந்து ஆடும் மேசையில் அந்த ஏஸ் போக மீதி 311 சீட்டுகள். அவற்றில் 10 மதிப்புள்ளவை 96. பந்தயத்துக்கு இரு மடங்கு தருவார்கள் என்பதால் டாலருக்கு டாலராகக் கணக்கிட்டால் 192 வரவு, 215 செலவு. நம் கையில் பிளாக்ஜாக்கே (முதல் இரு சீட்டுகளில் 21) இருந்தாலும் இந்தக் கணக்கு நம் பக்கம் சாயாது.

இனி மேசைக்கு வருவோம். முதல் இரு சீட்டுகளிலேயே 21 வந்தால் 10 டாலருக்கு 15 டாலர் தருவது பழைய வழக்கம்; இப்போது பல மேசைகளின் பச்சைத் துணியில் ‘5-க்கு 6’ என்ற விகிதமே அச்சாகியுள்ளது, அதாவது 12 டாலர். பிளாக்ஜாக் ஏறத்தாழ 21 ஆட்டங்களுக்கு ஒருமுறை வருகிறது. இந்த 3 டாலர் குறைவு ஒவ்வொரு பந்தயத்திலும் சுமார் 1.4 விழுக்காடு இழப்பாக மாறி, அட்டையை உழைத்துக் கற்றவருக்கு மிஞ்சிய அரை விழுக்காட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்காக மொத்த இழப்பை உயர்த்திவிடுகிறது. மணிக்கு 70 ஆட்டம் என்று வைத்தால், 10 டாலர் பந்தயத்தில் மூன்றரை டாலராக இருந்த எதிர்பார்க்கும் இழப்பு 13 டாலரைத் தொடும். இதைப் பெரிய எழுத்தில் முன்பக்கத்தில் எச்சரிக்காத அட்டைகளே அதிகம் என்பது என் உண்மையான வருத்தம்.

துணியில் படிக்க வேண்டிய இன்னொரு வரியும் உண்டு: ஏஸ் கலந்த 17-இல் டீலர் நிறுத்துவாரா, எடுப்பாரா என்பது. எடுத்தால் விடுதிக்கு மேலும் சுமார் 0.2 விழுக்காடு சாதகம். அத்தகைய மேசையில் டீலரின் ஏஸுக்கு எதிராகவும் நம் 11-இல் பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு எடுக்க வேண்டும். டீலர் நிறுத்தும் பல கட்டு மேசையில் இரட்டிப்பாக்காமல் சீட்டு கேட்க வேண்டும். ஆகவே அட்டை வாங்கும்போது எத்தனை கட்டுகளுக்கு, எந்த 17 விதிக்கு அது தயாரிக்கப்பட்டது என்று ஓரத்தில் அச்சாகியிருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் அதை வாங்க வேண்டாம்.