வீட்டுவழிக் கல்வி: குமரி மாவட்டத்தில் எதுவரை கைகொடுக்கும்?

நீண்ட நோயால் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி எவ்வளவு உதவும்? முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐந்தாம் வகுப்பு வரை நல்ல சேவை. எட்டாம் வகுப்பு வரை, வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ சொல்லிக்கொடுக்க இன்னொருவர் இருந்தால் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இதை மட்டும் நம்பிப் பிள்ளையை விட்டுவிடக் கூடாது.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், வட்டார வளமையம் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வந்து பாடம் நடத்துவதுதான் வீட்டுவழிக் கல்வி. தேவைப்பட்டால் இயன்முறை மருத்துவரும் வருவார். கட்டணம் கிடையாது. அகஸ்தீஸ்வரம் முதல் முன்சிறை, மேல்புறம் வரை மாவட்டத்தில் ஒன்பது வட்டாரங்கள். எந்த வட்டாரத்தில் வீடு இருக்கிறதோ அந்த வளமையத்தில்தான் கேட்க வேண்டும்.

சிக்கல் தொடங்கும் இடம் இது: கல்வி உரிமைச் சட்டத்தில் 2012ல் செய்த திருத்தம் வீட்டில் படிக்கும் உரிமையைக் கடுமையான இயலாமையும் பல்வகை இயலாமையும் உள்ள குழந்தைகளுக்குத்தான் வெளிப்படையாகத் தந்தது. நோயாளிக் குழந்தையை மனத்தில் வைத்து எழுதியதல்ல அது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிட்டபோது தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள்செல் சோகை ஆகிய ரத்த நோய்களும் தசைச்சிதைவும் உள்ளே வந்தன. இந்தப் பிள்ளைகளுக்கு உடனே மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு தேர்வுச் சலுகைக்கும் அதுதான் ஆதாரம். ரத்தப் புற்றுநோயும் சிறுநீரகச் செயலிழப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. ‘அட்டை இல்லையா, அப்படியென்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற பதில் வரும். அதைக் கேட்டுத் திரும்பிவிடாமல் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் ஒப்பம் வாங்குங்கள்.

அந்த மனுவோடு வைக்கும் மருத்துவச் சான்று எப்படி இருக்கிறது என்பதில்தான் பாதி காரியம் இருக்கிறது. ‘ஓய்வு தேவை’ என்று ஒற்றை வரியில் எழுதிய சான்றை வைத்துப் பள்ளியால் எதுவும் செய்ய முடியாது. எத்தனை மாதம் வகுப்புக்கு வரக் கூடாது, ஏன் (தொற்றுப் பயமா, நடக்க முடியாமையா), ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து படிக்கலாம், வெளியாள் வீட்டுக்கு வரலாமா, அடுத்த மறுபரிசோதனை எப்போது: இந்த ஐந்தும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையானாலும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் கேட்டால் வேலை எளிதாக முடியும்.

திருவனந்தபுரத்தில் சிகிச்சைக்காகத் தங்கப் போகிறோம் என்று டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெயர் பள்ளியில் இருக்கும்வரைதான் பாடப்புத்தகமும் உதவித்தொகையும் தேர்வும் வளமைய வருகையும். பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளை இடைநின்றவராகப் பதிவாகவில்லை என்பதை மாதம் ஒருமுறை வகுப்பாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. ஆகவே அந்த வயதில் ‘ஒரு வருடம் போச்சே’ என்று கலங்க வேண்டாம். கணக்குப் பாடத்தில் விழும் ஓட்டையை மட்டும் கவனித்தால் போதும்.

இனி வருகையைப் பற்றி. வாரம் ஒரு முறைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா என்று உள்ளூர் விடுமுறை அந்த நாளில் விழுந்தால் அந்த வாரம் போனது. ஜூன் மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற ஊர் நம்முடையது. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்து வீடுகளுக்கு மழைநாளில் வந்து சேர்வதே பாடு. அதனால் பயிற்றுநர் வரும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை முழுக்கப் பாடத்துக்கே செலவிடாதீர்கள். கடைசி 15 நிமிடத்தில், அடுத்த ஐந்து நாளுக்கு எந்தப் பக்கம், எந்தக் கணக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தாள் இல்லாத வீடுகளில் இடைப்பட்ட நாட்கள் அப்படியே வீணாகின்றன.

நோயின் போக்குக்கு ஏற்ப அட்டவணை போட வேண்டும் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு வரும் கடும் லிம்போ ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை இரண்டு முதல் இரண்டரை ஆண்டு. முதல் சில மாதங்கள்தான் மிகக் கடினம். அப்போது காதால் கேட்கும் பாடம் போதும். அந்தச் சிகிச்சையில் போடும் வின்கிரிஸ்டின் ஊசி கை நரம்புகளைத் தளர்த்தும், பென்சில் நழுவும், எழுத்து கோணும். ஸ்டீராய்டு நாட்களில் தூக்கம் கெட்டு எரிச்சல் வரும். இதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். தடித்த முக்கோணப் பென்சிலும் சாய்வான எழுதுபலகையும் கொடுங்கள். கணக்கை வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். ஒரு அமர்வு 20 நிமிடம், காலையில் இரண்டு, அவ்வளவுதான்.

தலசீமியாவில் ரத்தம் ஏற்றுவது இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஏற்றுவதற்கு முந்தைய நாட்களில் பிள்ளை சோர்ந்திருக்கும், ஏற்றிய மறுநாளிலிருந்து தெம்பு வரும். புதுப் பாடத்தை அந்தத் தெம்புள்ள வாரத்தில் தொடங்கி, சோர்வான நாட்களுக்கு வாசிப்பை மட்டும் வையுங்கள். டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள், தலா நான்கு மணி நேரம் போய்விடும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் செய்யும் ரத்தக்குழாய் இணைப்பு) இல்லாத கை எழுதும் கையாக அமையும்படி முன்பே மருத்துவரிடம் பேசிவைத்தால், அந்த நான்கு மணியில் ஒரு மணியாவது படிப்புக்குக் கிடைக்கும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தச் சேவை போதாததற்குக் காரணம் பயிற்றுநரின் திறமைக் குறைவு அல்ல. அவருடைய பயிற்சி சிறப்புக் கல்வியில். இயற்கணிதமும் வேதியியலும் அவரிடம் எதிர்பார்ப்பது சரியல்ல. அந்த இடத்தைப் பள்ளியின் பாட ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும். தலைமையாசிரியர் அனுமதித்தால் இரண்டாவது பெஞ்சில் ஒரு முக்காலியில் ஃபோனை வைத்து, கணக்கு, அறிவியல் பாடவேளைகளை மட்டும் கூகுள் மீட்டில் காட்டலாம். ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டால் எழுத்து தெரியாது, ஃபோனை ஜன்னல் பக்கச் சுவரோரம் மாற்றுங்கள். படத்தைவிட ஒலிதான் அடிக்கடி கெடும். ஆசிரியர் சட்டையில் மாட்டும் சிறு மைக் ஒன்று பெரிய வித்தியாசம் செய்யும். சிக்னல் இல்லாத மலைப்பகுதியில் இதற்கு வழியில்லை. அங்கே பாடப்புத்தகத்தின் க்யூ.ஆர். காணொளிகளையும் மணற்கேணி செயலியின் பாடங்களையும் சிக்னல் உள்ள இடத்துக்குப் போகும்போது பார்க்க வைக்கலாம். பத்து நிமிடம் பார்த்ததும் இரண்டு கணக்கைக் கையால் போடவைக்காவிட்டால் பார்த்தது தங்காது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகளை மாற்றுத்திறன் சான்றுள்ளவர்கள் தலைமையாசிரியர் வழியாகக் கேட்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய மாதம் போய் நின்றால் கிடைக்காது, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஒரு தாளை எழுத முடியாமல் போனால் அந்தத் தாளை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம்.

அதுவும் சரிவராத பிள்ளைக்கு என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புக்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும், ஐந்து பாடம், தமிழ் வழியிலும் எழுதலாம். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. அக்டோபரில் இரண்டு, ஏப்ரலில் மூன்று என்று பிரித்து எழுத முடிவது நோயாளிப் பிள்ளைக்குப் பெரிய வரம். குறை என்னவென்றால், பாடம் நடத்த யாரும் வரமாட்டார்கள். ஒப்படைப்புகளை மறந்தால் 20 சதவீத மதிப்பெண் போய்விடும். பள்ளிப் பதிவைக் காப்பாற்ற முடிகிறவரை இதற்குப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வீட்டுக்கு வருபவர் யாராக இருந்தாலும் வாசலில் சோப்புப் போட்டுக் கை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் வரக் கூடாது. அவர் வீட்டில் யாருக்காவது சின்னம்மை கண்டிருந்தால், அவருக்கு ஏற்கெனவே சின்னம்மை வந்து போகாத பட்சத்தில், 21 நாள் கழித்துத்தான் வர வேண்டும். வெள்ளணு குறைந்திருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், பயிற்றுநர்கள் தப்பாக நினைப்பதில்லை.

பள்ளிக்குத் திரும்பும்போது முதல் இரண்டு வாரம் மதியம் வரை மட்டும் அனுப்புங்கள். வகுப்பு மாடியில் இருந்தால் தரைத்தளத்துக்கு மாற்றக் கேளுங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பிள்ளையைக் கதவோரம் உட்காரவைத்து, கேட்காமலே எழுந்து போகலாம் என்று வகுப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.