விவேகானந்தர் இல்லம்: படங்களோடு சுவர்களையும் பாருங்கள்

சென்னை காமராஜர் சாலையில், மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் விவேகானந்தர் இல்லத்துக்குப் போக ஆட்டோக்காரரிடம் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றாலே போதும். ஆனால் வருகிறவர்களில் பலர் நேரே உள்ளே போய்க் கண்காட்சிப் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கட்டடம் கவனத்துக்கு வருவதே இல்லை. முதலில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று முழு வீட்டையும் பாருங்கள். வளைந்த முகப்பும் உச்சியில் அன்னாசிப்பழ வடிவக் கூம்பும் அங்கிருந்துதான் சரியாகத் தெரியும்.

பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1842-ல் இதைக் கட்டியது பனிக்கட்டி வைக்க. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1833-ல் கல்கத்தாவுக்கு ஏற்றிய முதல் சரக்கு சுமார் 180 டன். வந்து சேர்ந்தது ஏறக்குறைய 100 டன். மிஞ்சியதைக் காக்கத் தடித்த சுவரும் குறைந்த திறப்புகளும் வேண்டியிருந்தன. இன்று கடல் தள்ளியிருப்பதால், கிடங்கை ஏன் இங்கே கட்டினார்கள் என்ற கேள்வி எழும். துறைமுகம் கட்டிய பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. அன்று அலை மிக அருகில் இருந்தது. கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் அழிந்துவிட, நிலைத்திருப்பது இது ஒன்றே.

செயற்கை ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, நீதிபதி கெர்னன் நினைவாக ‘காஸில் கெர்னன்’ என்று பெயரிட்டார். வெப்பம் புகாமல் மூடிக் கட்டிய இடத்தில் மனிதர் குடியிருக்க முடியாதே. அதனால் ஏராளமான ஜன்னல்களைத் திறந்து, வளைந்த தாழ்வாரங்களைச் சேர்த்தார். கிடங்கு வீடானது இப்படித்தான். உள்ளே போனால் இந்த ஜன்னல்களையும் தாழ்வாரங்களையும் நின்று பாருங்கள்.

1897 பிப்ரவரி 6 முதல் 15 வரை சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கினார். அவர் இருந்த அறை இப்போது தியான அறை. பேச்சைக் குறைத்து, கொஞ்ச நேரம் உட்காருங்கள். அதே ஆண்டு சுவாமி ராமகிருஷ்ணானந்தர் இங்கே மடத்தைத் தொடங்கினார். தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடம் அது. 1906-ல் வீடு ஏலம் போனது. அடுத்த ஆண்டு மடம் மயிலாப்பூருக்கு மாறியது.

1917-ல் அரசு வாங்கிய பிறகு, சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதி இங்கே வந்தது. தானும் சிறுமியாகவே கணவனை இழந்து, 1911-ல் பட்டம் பெற்றவர் அவர். வீட்டு மூலையில் முடங்க வேண்டியிருந்த பெண்கள் இங்கிருந்து படித்து ஆசிரியைகளானார்கள். இந்த வீட்டின் வரலாற்றில் ஆகப் பெரிய நிகழ்வு இதுவே என்பது எங்கள் எண்ணம்.

1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி இன்றைய பெயர் வந்தது. 1997-ல் குத்தகைக்கு எடுத்த ராமகிருஷ்ண மடம் பழுதுபார்த்து, 1999 டிசம்பரில் கண்காட்சியைத் திறந்தது. சுவாமிஜியின் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் நேர்த்தியானவை. நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பனிக்கட்டி வணிகத்துக்கும் விடுதிப் பெண்களுக்கும் இன்னும் விரிவாக இடம் தரலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த இரண்டு கதைகளையும் வெளியிலேயே சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போவது நல்லது.