ஒயிட் ஸ்பாட் வந்தால் நீல மருந்தா, கல்லுப்பும் சூடுமா?

ஐப்பசி அடைமழை பிடித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கும்பகோணத்தில் வெயிலையே பார்க்கவில்லை. காலையில் மீனுக்குத் தீனி போடப் போன மகள்தான் கூப்பிட்டாள்: "அம்மா, ஏஞ்சல் மேல ரவை ஒட்டியிருக்கு, வந்து பாருங்க."

ரவைதான். வால் துடுப்பில் ஏழெட்டுப் புள்ளி, செவுள் ஓரம் இரண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாக, உப்புப் பரல் அளவில். முந்தின ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு மோலி மீன் வாங்கி, தனியே வைத்துப் பார்க்காமல் நேராகத் தொட்டியில் விட்டிருந்தேன். மழையில் தண்ணீரும் 25 டிகிரிக்கு இறங்கியிருந்தது. ஒயிட் ஸ்பாட் என்கிற வெண்புள்ளி நோய் வர இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த நோயை இரண்டு முறை பார்த்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, ஊற்றினேன். இந்த முறை கல்லுப்பும் ஹீட்டரும். இரண்டும் ஒரே தொட்டி: இரண்டடி நீளம், உள்ளே ஐம்பது லிட்டர் தண்ணீர். நான் உப்பு, சூடு பக்கம். ஏன் என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நோயை உறுதிசெய்துகொள்ள வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தனித்தனிப் புள்ளி, மீன் கல்லில் உடம்பைத் தேய்ப்பது, துடுப்பை மடக்கி வைத்துக்கொள்வது, செவுள் வேகமாக அடிப்பது இதெல்லாம் ஒயிட் ஸ்பாட். பஞ்சு ஒட்டியதுபோல் திட்டாக இருந்தால் பூஞ்சையாகவோ காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியாவாகவோ இருக்கலாம். காலம்னாரிஸ் சூட்டில் வேகமாகப் பரவும், அதற்கு ஹீட்டரைக் கூட்டுவது விஷம் வைப்பது மாதிரி. பொன்தூள் தூவினது போலிருந்தால் அது வெல்வெட் என்கிற வேறு நோய். ஆண் கோல்டு பிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியில் வெள்ளை முத்து வரும், அது நோயே இல்லை. புள்ளி எதுவும் இல்லாமல் மேலே வந்து வாய் பிளந்தால் மருந்து பாட்டிலைத் தொடாதீர்கள், தண்ணீரைச் சோதியுங்கள்.

ஒயிட் ஸ்பாட்டுக்குக் காரணம் இக்தியோப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. நாம் பார்க்கும் புள்ளி, அது மீன் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் பருவம். அந்த நேரத்தில் எந்த மருந்தும் அதை எட்டாது. வயிறு நிறைந்ததும் தானே உதிர்ந்து தரையில் போய் ஒட்டி, உறைக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். அப்படி நீந்தித் திரியும்போது மட்டும்தான் உப்பாலும் மருந்தாலும் கொல்ல முடியும். "நாலே நாளில் புள்ளி போயிடுச்சு, சரியாயிடுச்சு" என்று நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரம் இரண்டு மடங்காகத் திரும்பி வருவது இதனால்தான். புள்ளி போனது, பெருகுவதற்காக உதிர்ந்தது.

விலையில் இரண்டுக்கும் போட்டியே இல்லை. மருந்து பாட்டில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஹீட்டருக்கு எனக்கு ஐந்நூறுக்கு மேல் ஆனது, கல்லுப்பு வீட்டிலேயே இருந்தது. சொட்டு விடுவது சுலபம், உப்பை நிறுத்துப் போட வேண்டும். மெத்திலீன் ப்ளூ கண்ணாடி ஓரத்து சிலிக்கானை நீலமாக்கிவிடும், அந்தக் கறை போகவே போகாது. இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. முடிவு செய்த விஷயம் ஒன்றே ஒன்று: பில்டர்.

இந்த முறையும் முதலில் கடைக்குத்தான் போனேன். "அக்கா, இத ஊத்துங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் அங்கிருந்த தம்பி. "பில்டர் செத்துப் போயிடுமே தம்பி?" என்றேன். "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, நல்லா ஓடும்" என்றார். நல்ல பிள்ளை, மனதறிந்து பொய் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் பில்டர் என்றால் மோட்டார் என்றுதான் நினைத்தேன்.

பில்டர் என்பது ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா. மீனின் கழிவில் வரும் அமோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். புதுத் தொட்டியில் இந்தக் குடும்பம் வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வீட்டில் உறைமோர் மாதிரி. அது இருக்கிறவரை நாளைக்குத் தயிர் உண்டு. கழுவிக் கொட்டிவிட்டால் பாலை எவ்வளவு காய்ச்சினாலும் உறையாது. மெத்திலீன் ப்ளூ இந்த உறைமோரைத்தான் கொட்டுகிறது.

அந்த முறை ஐந்தாம் நாளே புள்ளி மறைந்தது. சந்தோஷப்பட்டேன். ஒன்பதாம் நாள் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நோய் திரும்பிவிட்டது என்று இன்னொரு தடவை மருந்து ஊற்றினேன். இரண்டு ஏஞ்சலும் மூன்று மோலியும் போன பிறகுதான் சொட்டுச் சோதனை கிட் வாங்கினேன். சுத்தமான தண்ணீரில் மஞ்சளாக நிற்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது: அமோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். அந்த ஐந்தையும் கொன்றது அமோனியா, அதற்கு வழி திறந்துவிட்டவள் நான்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர். பி.எச்., அதாவது அமில-கார அளவு, 8 காட்டுகிறது. அமோனியா விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் அரை சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் ஐந்து சதவீதத்துக்கும் மேலே போய்விடும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. கிட்டில் அதே நிறம் வந்தாலும் மீனுக்கு அது வேறு தண்ணீர். போர் தண்ணீரில் மீன் வளர்க்கிறவர்கள் யாராக இருந்தாலும், பில்டரைப் பலிகொடுத்து நோயைத் தீர்ப்பது கட்டுப்படியாகாத பேரம். சூடு ஏறினாலும் அந்த விஷ வடிவம் கொஞ்சம் கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் உப்பு, சூடு வைத்தியத்துக்கும் பில்டர் உயிரோடு இருந்தாக வேண்டும். லிட்டருக்கு 3 கிராம் உப்பில் அது இருந்தது. பதினான்கு நாளும் சோதித்தேன். தீனி அதிகமாகப் போட்ட ஒரு நாள் அமோனியா 0.25, மற்ற நாளெல்லாம் பூஜ்யம்.

செய்தது இதுதான். 150 கிராம் கல்லுப்பு, வேதாரண்யத்து உப்பு, மூன்று பங்காக்கினேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பங்கு. தொட்டித் தண்ணீரையே ஒரு சொம்பில் மொண்டு, கரைத்து, பில்டர் வாயருகே மெல்ல ஊற்றினேன். பரலாகப் போட்டால் மீன் மேல் விழுந்து புண்ணாகும். ஹீட்டரை நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றி 30-ல் நிறுத்தினேன். தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் தாங்கும் தண்ணீர் 30-ல் 7.5 தான் தாங்கும். அதற்காக இரண்டாவதாக ஒரு ஏர் ஸ்டோன், காற்றுக் குமிழி விடும் கல். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் வைத்துத் தரையை உறிஞ்சினேன், உதிர்ந்த உறைகள் அங்கேதானே கிடக்கும். 15 லிட்டர் எடுத்தால் புதுத் தண்ணீரோடு 45 கிராம் உப்பும் சேர வேண்டும். ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் தண்ணீர் போதும், உப்பு ஆவியாகாது.

மூன்றாம் நாள் புள்ளி கூடியது. பயந்துபோனேன். சூட்டில் அதன் சுழற்சி வேகமாகிறது, ஏற்கெனவே உள்ளே இருந்தவை வளர்ந்து வெளியே தெரிகின்றன. ஆறாம் நாள் குறைந்தது, எட்டாம் நாள் ஒன்றுமில்லை. ஆனாலும் பதினான்கு நாள் முடியும்வரை ஹீட்டரைக் குறைக்கவில்லை. ஒரு மீனும் போகவில்லை, புது மோலி உட்பட.

இதில் பலவீனமான இடம் மின்சாரம். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை நிறுத்தும் நாளில் தொட்டியைப் போர்வையால் சுற்றி, பேட்டரி ஏர் பம்பை ஓடவிட்டுச் சமாளித்தேன், 28-க்குக் கீழே போகவில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்கள் உண்டு. அப்படி ஒரு புயல் நடுவில் வந்தால் சூட்டை நம்ப முடியாது, வெறும் உப்போடு தினமும் தண்ணீர் மாற்றுவேன்.

என் அனுபவம் ஏஞ்சல், மோலி, கௌராமி அளவுக்குத்தான். மோலிக்கு உப்பு ஒத்துக்கொள்ளும் என்பது தெரிந்ததே. டேங்க் கிளீனர் என்கிற பாசி தின்னும் மீன் ஒன்று இருந்தது, அது தாங்கியது. ஒரு மீனை வைத்து எல்லா டேங்க் கிளீனரும் தாங்கும் என்று சொல்லமாட்டேன். கோரி, லோச் வகை மீன்கள் வைத்திருப்பவர்கள் உப்பைப் பாதியாக்குங்கள். கோல்டு பிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், அதற்கு 30 டிகிரி வைக்க எனக்கு மனசு வராது. செடித் தொட்டியில் உப்பு வேண்டாம், வேலிஸ்நேரியா போன்றவை கருகிவிடும். வழக்கமாகத் தொட்டித் தண்ணீரை வாழைக்கு ஊற்றுவேன், இந்தப் பதினான்கு நாளும் சாக்கடைக்குத்தான் போனது.

மருந்துதான் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. மீன் எல்லாவற்றையும் ஒரு டப்புக்கு மாற்றி மருந்தை அங்கே ஊற்றுங்கள், தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி அதற்குரிய மருந்தையும் சேருங்கள். பில்டர் காலித் தொட்டியிலேயே ஓடட்டும், பாக்டீரியாவுக்காக ஒரு சிட்டிகைத் தீனி போட்டுவாருங்கள். பத்து நாள் மீன் இல்லாமல் நம் ஊர்ச் சூட்டில் கிடந்தால் தொட்டியில் உள்ள கிருமி தானே அழியும். வேலை இரட்டிப்பு. மலாக்கைட் கிரீனும் பார்மலினும் கலந்த மருந்து பாக்டீரியாவை அவ்வளவாகத் தாக்குவதில்லை என்றாலும், உண்ணும் மீனுக்குத் தடைசெய்யப்பட்ட மலாக்கைட் கிரீனைக் குழந்தை கை விடுகிற தொட்டியில் ஊற்ற எனக்கு விருப்பமில்லை.

பழைய நீல பாட்டில் இன்னும் பரணில் இருக்கிறது. ஏஞ்சல் ஜோடி கட்டியிருக்கிறது, பில்டர் குழாயைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கின்றன. முட்டையிட்டால் குழாயோடு எடுத்துத் தனி டப்பில் வைத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்க அதிலிருந்து இரண்டு சொட்டு விடுவேன். அந்த டப்பில் கொல்வதற்குப் பில்டர் இல்லை.