தேசியச் சாலையும் ஈரி கால்வாயும்

அப்பலாச்சிய மலைத்தொடருக்கு அப்பாலிருந்த மேற்குப் பகுதியைக் கிழக்குக் கரையோடு இணைக்காவிட்டால் குடியரசு சிதறிவிடும் என்ற அச்சம் அமெரிக்காவின் முதல் தலைமுறைத் தலைவர்கள் பலரிடம் இருந்தது. அதற்கு விடையாக எழுந்தவற்றுள் கூட்டாட்சி அரசின் பணத்தில் அமைந்த தேசியச் சாலையும், நியூயார்க் மாநிலம் கடன் வாங்கி வெட்டிய ஈரி கால்வாயும் முதன்மையானவை.

சாலைக்கு 1806இல் அதிபர் ஜெபர்சன் ஒப்புதல் அளித்தார். 1811இல் மேரிலாந்தின் கம்பர்லாந்தில் தொடங்கிய பணி 1818இல் ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங்கை எட்டியது. எனினும், இத்தகைய பணிகளுக்கு அரசியலமைப்பு இடம் தருகிறதா என்ற விவாதம் ஓயவில்லை. சுங்கம் வசூலித்துச் சாலையைப் பராமரிக்கும் மசோதாவை அதிபர் மன்றோ 1822இல் நிராகரித்தார். 1830களில் சாலை மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

மாநிலப் பணத்தில் அமைந்ததால் கால்வாய்க்கு அத்தகைய தடை இல்லை. உள்நாட்டுப் போக்குவரத்துப் பணிகளுக்கான கூட்டாட்சி நிதி மசோதாவை அதிபர் மாடிசன் 1817 மார்ச்சில் நிராகரித்த பின், நியூயார்க் அரசியல் தலைவர் டிவிட் கிளின்டன் முன்னின்று வாதாட, மாநிலமே கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டி அதே ஆண்டு ஜூலை 4 அன்று பணியைத் தொடங்கியது. 363 மைல் நீளமும் படகுகளை ஏற்றியிறக்கும் 83 நீர்ப்பூட்டுகளும் கொண்ட அக்கால்வாய், சுமார் 70 லட்சம் டாலர் செலவில் 1825இல் நிறைவுற்றது. ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்குச் சரக்கனுப்பும் செலவு டன்னுக்கு ஏறத்தாழ 100 டாலரிலிருந்து 10 டாலருக்கு இறங்கியது. சுங்க வருவாயே கடனை அடைத்தது.

பொருளாதாரப் பயனில் கால்வாயே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்பலாச்சிய மலைகளினூடே செல்லும் மோஹாக் பள்ளத்தாக்கு என்னும் இயற்கை வழி வேறெந்த மாநிலத்துக்கும் வாய்க்கவில்லை. அந்நிலத்தின் பூர்வகுடிகளான ஹோடெனோஷோனி மக்கள் இழந்தவை எந்தக் கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படவும் இல்லை.